முப்பது தலைக்கு மேல் தாங்காது

ஆவுடையார்கோவில் கடைவீதியில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் ரெங்கராஜிடம் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் உண்டு. பிழைப்புக்குத்தான் என்று பெண்டாட்டி தேவிப்ரியாவிடம் சத்தியம் பண்ணி வாங்கியது. உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட் ஓடும். திருவிழாப் பந்தல் கெட்டது போங்கள். "பொழப்புக்கு எதுக்குங்க லைட்டு?" என்று அவள் கேட்டபோது, "சூடாகாம இருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னான். அவள் நம்பவில்லை. புருசன் சொல்லும் புளுகையெல்லாம் நோண்டிக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்தியது போலத்தான் என்று விட்டுவிட்டாள்.

காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான் டிசைன் ஆகும். ஆள் வராத மத்தியானத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிவிடுவான். வயது முப்பத்தாறு, தொப்பை வேறு. கேமில் மட்டும் கூரைக்குக் கூரை தாவுவான். தாவுகிற நேரம் பார்த்து அந்தச் சனியன் அப்படியே நிற்கும். மெமரி எட்டு ஜிபிதான். படம் மறுபடி ஓடுவதற்குள் எவனாவது அவனைச் சுட்டுப் போட்டிருப்பான். அப்போது அவன் வாயில் வருவதைத் தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

பிளக்ஸிலும் இதே தொல்லை. நம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தினால், பிள்ளையின் படம் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு இருக்கும். மீதி முழுக்கச் சொந்தக்காரன் தலை. முப்பது தலை ஏறியதும் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிடும். "அதுக்கு மேல தாங்காதுங்க, மெமரி பத்தல" என்று ஒருநாள் நொந்துபோய்ச் சொன்னான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உன் மூஞ்சி வேண்டாம் என்று சொந்தக்காரனிடம் எவன் சொல்வான்? சொன்னால் மண்டை உடையும். இப்போது கவலையே இல்லை. "நாங்க போட்டோ குடுத்தோம் மாமா, ரெங்கராஜ் சிஸ்டத்துலதான் மெமரி பத்தலயாம்." முடிந்தது கதை. கொழுந்தனைக் கழற்றிவிட நினைத்த ரஞ்சிதா என்பவள், "கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்கண்ணே" என்று மாம்பழமே கொடுத்துவிட்டுப் போனாள்.

இதில் ரொம்ப அடிபட்டவர் நாகராசு, தேவிப்ரியாவின் சித்தப்பா. எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், "சாம்பார்ல உப்பு பத்தல!" என்று சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்படி கத்துகிற மனிதர். அதனால் தேவிப்ரியாவின் பிறந்த வீட்டு பிளக்ஸ் எதிலும் அவருக்கு இடம் இல்லை. ஸ்டூடியோவில் இரவல் கோட்டு மாட்டி எடுத்த போட்டோவோடு ஒவ்வொரு விசேஷத்துக்கும் கடைக்கு வந்து நிற்பார்.

"மெமரி பத்தல மாமா."

"ஓரமாப் போட்டாலுமா மாப்ள?"

"ஓரமாப் போட்டாலுந்தான்."

கடைசியாக வந்தபோது அந்தக் கலர் லைட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கலருதான் நெறைய எடம் பிடிக்கும்போல. கருப்பு வெள்ளையில போட்டாப் பத்துமா மாப்ள?" என்றார். அவர் போனதும் ரெங்கராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டில் தேவிப்ரியாவிடம் சொல்லியும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு புது கேம் வந்தது. எட்டு ஜிபியில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மெமரி தங்கத்தோடு போட்டி போட்டு விலை ஏறிக் கிடந்த நேரம். இருந்தும் மனசு கேட்காமல் திருச்சியிலிருந்து வரவழைத்துவிட்டான். டீக்கடையில் வாய் விட்டதால் விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனது. முதல் ஆளாக ரஞ்சிதா ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க மெமரிய கூட்டிட்டா எங்க கொழுந்தன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது? அடுத்த மாசம் வீடு குடிபோறோம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்படியே விட்டுருங்க. இல்லாட்டி நாங்க அறந்தாங்கியிலதான் பிளக்ஸ் அடிக்கணும்."

அவளைப் போல இன்னும் நாலு பேர். கேமா, வியாபாரமா என்று ரெங்கராஜ் திண்டாடிப்போனான். மெமரி டப்பா பிரிக்காமலே டிராயரில் கிடந்தது. வயிற்றெரிச்சலோடு டிராயரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

அந்த நேரத்தில்தான் தேவிப்ரியாவின் அண்ணன் செம்மல், மகளின் காதுகுத்துக்கு பிளக்ஸ் சொல்ல வந்தான். செல்போனில் அவன் அனுப்பிய போட்டோக்களை ரெங்கராஜ் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கட்டுமாவடியில் செம்மலோடு மீன் ஏலம் எடுக்கிறவர்கள் வரைக்கும் இருந்தார்கள். யாரோ ஒருவர் மடியில் நாய்க்குட்டிகூட இருந்தது. ரெங்கராஜ் இல்லை.

"மச்சான், நம்ம போட்டோ?"

செம்மல் ஃபேனைப் பார்த்தான். "ஒங்க சிஸ்டந்தான் தாங்காதே மாப்ள. நீங்க வீட்டு ஆளு, தப்பா நெனைக்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

காரணம் ரெங்கராஜுக்குத் தெரியும். போன வருசம் செம்மல் புது வீட்டில் பால் காய்ச்சிய நேரத்தில் இவன் கடையில் உட்கார்ந்து கேமில் சுட்டுக்கொண்டிருந்தான். பந்தி முடியும்போதுதான் போய்ச் சேர்ந்தான். தெரிந்தும் விட மனசில்லை. வாய் தானாகக் கேட்டது.

"கருப்பு வெள்ளையில போட்டாப் பத்துமான்னு பாக்கட்டுமா மச்சான்?"

"எதுக்கு மாப்ள ஒங்களுக்கு வீண் வேல" என்று செம்மல் வண்டியைக் கிளப்பினான்.

ரெங்கராஜுக்கு அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. சீ, இந்தக் கேள்வியைக் கேட்டா அன்றைக்கு அப்படிச் சிரித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஊர் கிடக்கிறது கழுதை, ரஞ்சிதாவின் கொழுந்தனை ரஞ்சிதா பார்த்துக்கொள்ளட்டும். டிராயரைத் திறந்து டப்பாவைப் பிரித்து மெமரியைச் சொருகினான். அன்றைக்கு அந்தப் புது கேமைத் திறக்கவில்லை.

காதுகுத்தன்று மண்டப வாசலில் பிளக்ஸைப் பார்த்த செம்மல் வாயைப் பிளந்தான். செல்போனில் கொடுத்த தலை ஒன்றுகூட விடுபடவில்லை. அவர்களுக்கு நடுவில் ரெங்கராஜ். பக்கத்தில், அதே அளவில், கோட்டு போட்ட நாகராசு.

"எப்படி மாப்ள பத்துச்சு?"

"மெமரி போட்டுட்டேன் மச்சான். இனிமே எத்தன தல வேணாலும் தாங்கும்."

செம்மல் வந்தவர்களைக் கும்பிடப் போய்விட்டான்.

நாகராசு பிளக்ஸுக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தார். அப்புறம் ரெங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். "கலர்லயே போட்டுட்டீங்களே மாப்ள!" என்றார். ரெங்கராஜால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வாங்க மாமா, சாப்புடுவோம்."

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாகராசு ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார், பிளக்ஸ் நின்ற வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ரெங்கராஜும் ஒரு வாய் வைத்தான். உப்பே இல்லை.

"சாம்பார்ல உப்பு பத்தல மச்சான்!" என்று சமையல்கட்டு வரைக்கும் கேட்கும்படி கத்தினான்.