ஜீப்புக்குள் ஆறடிப் பலகை

சிவப்பு ரெக்சினைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அப்பாவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. எழுபதுகளின் கடைசியில், ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதற்கு மேல்கூடு கட்ட நாமக்கல் பட்டறையில் விட்டிருந்தார். காரில் இருப்பதுபோல் முன்பக்கம் பார்த்த சிவப்பு சீட்டு, இரட்டை ஹாரன், ஜன்னலுக்குக் குஞ்சம் வைத்த திரை என்று ஆசைகளை அடுக்கினார். குஞ்சம் நான் கேட்டது. எனக்கு ஒன்பது வயது.

இன்னொன்றும் சொன்னார். சேற்றில் முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ராடைக் கழற்றிவிட வேண்டுமாம், பெட்ரோல் மிச்சமாகுமாம். அன்றைக்குப் பாதி ஜீப்புக்காரர்கள் செய்த முட்டாள்தனம் அது.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டம். தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும். அதற்கு முந்தின ஐப்பசியில், பிரசவ வலி கண்ட அம்மாவை ஏற்றிப்போன மாட்டு வண்டி அதன் நடுவே சேற்றில் புதைந்துவிட்டது. பத்து நாள் கழித்து அம்மா மட்டும் வீட்டுக்கு வந்தாள். பாப்பா வரவில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

வைகாசியில் ஒருநாள், தானும் பட்டறைக்கு வருவதாகச் சொல்லி அம்மா கிளம்பினாள்; நானும் கூடப் போனேன். பெண்கள் வருகிற இடமல்ல அது. மேஸ்திரி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“அந்த ராடைக் கழட்டக் கூடாதுங்க.”

“பெட்ரோல் குடிக்குமுங்க அம்மிணி” என்றார் மேஸ்திரி.

“குடிக்கட்டுமுங்க. பள்ளத்துல நின்னு போனா நீங்க வந்து தள்ளுவீங்களா?”

அப்பா சிரித்து மழுப்பினார். “ஊட்டுல போயிப் பேசிக்கலாம், வா.”

“ஊட்டுல பேசி என்னங்க ஆகுது? கூடு இங்கதான கட்டறாங்க.”

பின்னால் சீட்டே கூடாது, பக்கவாட்டில் ஒரே நீளப் பலகை வேண்டும், பின்கதவு முழு அகலத்துக்குத் திறக்க வேண்டும், ஸ்டெப்னியைக் கதவில் மாட்டவே கூடாது என்றாள். வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த ஆள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டான்: “என்னங்கக்கா, பொணம் கிணம் ஏத்தப் போறீங்களா?”

“உசுரோட ஏத்தத்தான் கேக்கறேன்.”

மேஸ்திரி ஒரு பலகையைக் கொண்டுவந்து உள்ளே போட்டார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, அத்தனை ஆண்கள் பார்க்க, அதன்மேல் மல்லாந்து படுத்தாள். பாதம் இரண்டும் வெளியே தொங்கின.

“இன்னும் அரையடி நீட்டுங்க.”

அப்பா வெளியே போய் பீடி பற்றவைத்தார். நான் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மானம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அம்மா கேட்டதெல்லாம் நடந்தது; பலகை ஆறடிக்கு நீண்டது. அப்பாவுக்கு ஹாரனும், பலகைமேல் ஒட்டிய சிவப்பு ரெக்சினும் மிஞ்சின. குஞ்சம் இல்லை. அதற்காக ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை.

அன்று பலகையிலிருந்து எழும்போது அவள் ஒரு கையால் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள். வயிற்றுவலி போலிருக்கிறது, நன்றாக வலிக்கட்டும் என்று லாரி மறைவில் நின்று நான் கறுவினேன். உள்ளே தம்பி இருந்ததை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.