ஐந்து சதவீதத்துக்குக் கீழே

யாரினா பலிவோதா மாட்டு வைத்தியர். தெர்னோபில் நகரத்துப் பக்கம் வெர்பிவ்கா கிராமத்தில் எந்தத் தொழுவத்தில் எந்தப் பசு சினையாக இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. 'சொந்த மண்' என்ற குட்டிக் கட்சியில் உறுப்பினரும்கூட. உழுகிறவனுக்கு நிலத்தில் முழு உரிமை, சிறு கடைக்காரனுக்குக் குறைந்த வரி, ஊர் வரிப்பணம் ஊருக்கே. நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த கட்சி.

2012 நாடாளுமன்றத் தேர்தலில் உள்ளே நுழைய ஐந்து சதவீத ஓட்டு வேண்டியிருந்தது. கட்சிக்கு ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. வெர்பிவ்கா சாவடியில் ஏழே ஓட்டு. போடுவதாக வாக்குக் கொடுத்தவர்களைத் தன்னையும் சேர்த்து யாரினா விரல்விட்டு எண்ணினாள். எட்டு வந்தது.

"செனோன், உண்மையைச் சொல்லு. நீ எங்களுக்குத்தான் போட்டியா?"

கணவன் போர்ஷ் சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்படியும் தோக்கத்தானே போறீங்க. ஓட்டை எதுக்கு வீணாக்கணும்னு..."

"வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா? நல்லா இருக்குய்யா!"

இரண்டு நாள் அவனோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

2014-இல் நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது மறுபடி தேர்தல், மறுபடி தோல்வி. தலைவர் ஒரு பெரிய கட்சிக்குத் தாவிவிட்டார். யாரினா தலைநகர் கீவில் இருந்த கட்சித் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"கட்சியா? அவங்க காலி பண்ணி ஒரு மாசமாச்சும்மா. இது பல் ஆஸ்பத்திரி. பல்லு ஏதாவது வலிக்குதா?"

போனை வைத்துவிட்டு யாரினா காருக்குள் உட்கார்ந்து அழுதாள். பிறகு மாவட்டத்தில் மிச்சமிருந்த பதினொரு பேரையும் கூட்டினாள். "போனது தலைவர்தான். நாம சொன்னது எதுவும் பொய்யாகலையே. ஊராட்சித் தேர்தல் வருது, நிப்போம்" என்றாள்.

அடுத்த ஆண்டு தன் வார்டில் அவளே நின்றாள். எதிர்த்து நின்ற ஷ்க்ராபா, பெரிய பண்ணை ஒன்றின் மேலாளர்; வீட்டுக்கு வீடு பக்வீட் தானியம் ஒரு கிலோ கொடுத்தார். யாரினா ரப்பர் பூட்ஸோடு வெறுங்கையாய் நடந்தாள்.

மளிகைக்கடை பராஸ்கா கிண்டலடித்தாள்: "டாக்டரம்மா, உங்க பக்வீட் எங்கே?"

"நான் கொடுத்தா ஒரு வாரம் கஞ்சி குடிப்பீங்க. அந்த உடைஞ்ச பாலத்தை யாரு கட்டுவா? பால் வண்டி ஊருக்குள்ள வந்து ரெண்டு வருஷமாச்சு."

"சரி, அவர்கிட்ட வாங்கிக்கிட்டு உங்களுக்குப் போட்டா பாவமா?"

"தாராளமா வாங்கிக்குங்க. கஞ்சி நல்லா வேகட்டும்!"

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் காலை பள்ளிக்கூடக் கதவில் முடிவுத் தாள் ஒட்டினார்கள். யாரினாவுக்குத் தொண்ணூற்றாறு, ஷ்க்ராபாவுக்கு எழுபத்தொன்று. செனோன் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ஊரே பார்க்க அவளைத் தூக்கிச் சுற்றினான். "விடுய்யா, இடுப்பு பிடிச்சுக்கும்!" என்று கத்தினாள் அவள்.

முதல் கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் இளக்காரமாகக் கேட்டார்: "உங்க கட்சி இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கு. உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கு. பாலத்தைப் பத்திப் பேசலாமா?"

பாலத் தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. கோடையில் பால் வண்டி ஊருக்குள் வந்தது. அதே கோடையில், நாடெங்கும் இப்படி ஒன்றும் இரண்டுமாக ஜெயித்திருந்த கட்சிக்காரர்கள் நாற்பது பேர் தெர்னோபிலில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் கூடினார்கள். பழைய முகங்கள் குறைவு. ஒரு ரொட்டிக்கடைக்காரர், இரண்டு ஆசிரியைகள், ஒரு தேனீ வளர்ப்பவர். புதுத் தலைவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த தேர்தலுக்கு எங்கெங்கே ஆள் நிறுத்தலாம் என்று சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டையில் யாரினாவின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.