தம்பி இழுத்து வைத்த இருக்கை

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய வேலை. இருபது வருடத்தில் யாரையும் அரை மணிக்கு மேல் உள்ளே தவிக்க விட்டதில்லை. போன மாதம் மருத்துவமனை வாசலில், தம்பியின் காரிலிருந்து சொந்த அப்பாவை இறக்க மட்டும் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். பக்கவாதம் வந்த காலை மடக்கி அப்பாவை உள்ளே இறக்கிவிடலாம். வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு.

"ஊருக்கெல்லாம் கதவத் தொறந்து விடுற. பெத்தவன மட்டும் உள்ள வெச்சுப் பூட்டிட்டியேடா" என்றார் அப்பா. சிரிக்கப் போய் இருமல் வந்தது.

தம்பி இறந்து மூன்று வருடம். குள்ளமானவன்; ஸ்டியரிங்குக்கு ஒட்டி இருக்கையை இழுத்து வைத்திருந்தான். இவர் அதை நகர்த்தவே இல்லை. ஆறடி உடம்பைச் சுருட்டி, முழங்கால் இரண்டும் இடிக்க இடிக்க ஓட்டினார். நகர்த்தினால் அவன் கடைசியாக உட்கார்ந்த இடம் போய்விடும். கேட்டவர்களிடம், லீவர் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்திருந்தார்.

இன்று விற்பனையாளன் புதிய சின்ன வேனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். பழையதைக் கொடுத்தால்தான் இது கைக்கு வரும். அவர் டேப்பை எடுத்தார். கதவின் அகலம், சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பலகையின் நீளம், கூரையின் உயரம் எல்லாம் அளந்தார்.

"வண்டி வாங்குறீங்களா சார், வீடு கட்டுறீங்களா?"

ஒரு குறையும் அகப்படவில்லை. டேப்பை விரித்துக் கதவை இன்னொரு முறை அளந்தார். பழையது கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மழை வந்தால் மடியில் ஒழுகும். இதுவோ ஃப்ரிட்ஜ் மாதிரி முனகியது. அப்பா சக்கர நாற்காலியோடு உருண்டு உள்ளே போனார்.

"எப்படிப்பா இருக்கு?"

"அலமாரிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. ஆனா யாரும் என்னத் தூக்கல." மகன் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "உனக்கு மனசில்லேன்னா விட்டுரு. நான் வீட்டுலயே கெடந்துக்கறேன்" என்றார்.

அதைக் கேட்ட பிறகு எப்படி விடுவது? எஞ்சின் மூடியின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

விற்பனையாளன் பழைய காரில் ஏறினான். கடக்கென்று ஒரே சத்தம். இருக்கை பின்கோடி வரை ஓடியது.

"துருவெல்லாம் ஒண்ணுமில்ல சார்! வழுக்கிட்டுப் போகுது!"

கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மருத்துவமனையில் அப்பாவின் உடற்பயிற்சிக்கு நேரமாகிவிட்டதென்று வேனை எடுத்தார். இரண்டு தெரு தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா குறுகி உக்காந்திருக்க? இவ்வளவு எடம் கெடக்கே."

குனிந்து பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டிருந்தன. ஏறும்போது இருக்கையை முன்னால் இழுத்தது அவர் கைதான்.

"லீவர் இறுக்கமா இருக்குப்பா" என்றார்.