கழுவிச் சேர்த்த கருப்பு வாளிகள்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை. ஒன்று என் தங்கை விட்டுப்போனது. ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலையை விட்ட பிறகு வாளி வியாபாரத்துக்கு வந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற, சாணி அள்ளுகிற கருப்புப் பிளாஸ்டிக் வாளிகள். சேத்தூரிலும் தேவதானத்திலும் வீடு வீடாகப் போய், உடைந்ததை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பேன். உடைசலை ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருக்கிற கம்பெனியில் போட்டால், அரைத்து உருக்கி மறுபடி வாளியாக்கித் தருவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனிக் குவியலில் பூச்சிமருந்து டப்பாக்களைப் பார்த்தேன். எனக்கு உடம்பே கூசிவிட்டது. அன்றிலிருந்து என் சரக்கு தனி என்று சொல்லிவிட்டேன். உடைசலை நானே சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, காயவைத்து, சாக்கில் கட்டிக் கொண்டுபோவேன். அரைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். வெளிச்சரக்கு ஒரு பிடி விழ விடமாட்டேன். என் வாளி மாதிரிச் சுத்தமான வாளி இந்தப் பக்கம் கிடையாது என்று பஸ்ஸில்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து தேவதானத்துக்குப் போனேன். வழக்கமாக வாங்குகிற வீட்டுக்காரி காலில் துணிக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வாளியில் கைப்பிடி மாட்டுகிற காது பிய்ந்து, நிறைந்த தண்ணீரோடு அவள் பெருவிரலில் விழுந்திருக்கிறது.

“இது மூணாவது வாளி மயினி. உங்க வாய நம்பித்தான் கடையில வாங்காம இருந்தேன். இனி இந்தத் தெருவுக்கு வாளியத் தூக்கிட்டு வராதிய.”

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அந்தத் தெருவில் என் பேச்சுக்கு இருந்த மதிப்பு அன்றைக்குப் போயிற்று.

உடைந்த வாளியோடு நேரே கம்பெனிக்குப் போய், மெஷின்காரன் முன்னால் போட்டேன்.

“ஏலே, என்னத்தலே கலந்த இதுல?”

“ஒண்ணுமே கலக்கல ஆச்சி. அதான் கோளாறு.”

என் வாளியில் ஒரு சில்லை எடுத்து இரண்டு விரலால் மடக்கினான். அப்பளம் மாதிரி ஒடிந்தது. இதுவரை உருக்காத புதுப் பிளாஸ்டிக் குருணையில் செய்த வாளித்துண்டை மடக்கினான். மடக்கின இடம் வெளுத்ததே தவிர ஒடியவில்லை.

“இது எத்தன தடவ உருக்குன சரக்கு! மெஷின்ல கஞ்சித்தண்ணி மாதிரி ஓடுது. மில்லுல கழிவுப் பஞ்சையே திரும்பத் திரும்ப அடிச்சா இழை என்னாகும் ஆச்சி?”

“குட்டையாகும்.”

“நூலு?”

“அந்து அந்து போகும்.”

“இதுக்குள்ளயும் அப்படித்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ள இருக்கிறது அறுந்து குட்டையாயிருது. புதுக் குருணை கூடச் சேந்தாத்தான் பிடிச்சு நிக்கும்.”

“இத அப்பமே சொல்றதுக்கு என்னலே?”

“சொன்னேன். ‘வாய மூடிட்டு அரைலே’ன்னிய.”

சொன்னேன்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை. இருபத்திரண்டு வருடம் பஞ்சில் நின்றவள் நான். வெறும் கழிவில் எந்த மில்லும் நூல் ஓட்டாது, புதுப் பஞ்சு சேர்த்தே ஓட்டும் என்பது எனக்குத் தெரியாதா? அழுக்கு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அந்தப் பழைய சரக்கைப் பாரம் தாங்க வேண்டாத பூந்தொட்டிக்குத் தள்ளச் சொன்னேன். புதுக் குருணை பாதிக்கு மேல் சேர்த்து வாளி போடவைத்து, ஒன்றை எடுத்துக்கொண்டு தேவதானம் போனேன். கம்பெனி மேல் தப்பில்லை, என் பிடிவாதம்தான் என்று அவளிடம் சொன்னேன்.

“கழுவினா போதும்னு நெனச்சிய போல. நானும் தெனம் மாட்டக் கழுவுதேன், பாலு கூடுதா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் வாளியைக் காசு கொடுத்து வாங்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தண்ணீர் நிறைத்துத் தொழுவத்து ஆணியில் மாட்டினாள். “ஒரு மாசம் தொங்கட்டும். காது நின்னா தெருவுக்குள்ள வாங்க.” அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

இதை எழுத்துக்கூட்டி எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. ஏட்டி பேத்தி, கண்ணாடியப் போட்டுட்டு வந்து இத சத்தமா வாசி. எங்கயாவது என் தப்ப அந்த மெஷின்காரன் தலையில கட்டியிருந்தேன்னா, அங்கன நிறுத்து.