கிரஷர் குழுவும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் பாவாடையை நல்லவர் என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் கிடையாது. நானும் சொல்ல மாட்டேன். பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை போட்டுக்கொண்டு இருபது வருஷமாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன். அவர் உடைத்த மூக்குகளை எண்ணினால் இரண்டு கை விரல் பத்தாது. என்னை அடித்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கே இட்லிச் சட்டி மூடியால் அவர் நெற்றியைப் பிளந்துவிட்டேன். மூன்று தையல். அதற்கப்புறம் என் பக்கம் கை நீண்டதில்லை.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றி என்னத்தைச் சொல்வது என்று கேட்கலாம். சொல்லத்தான் போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போங்கள்.

பதினான்கு வயதில் கல் உடைக்கும் கிரஷரில் வேலைக்குச் சேர்ந்தார். பாறையை மேலே கொட்டினால் கீழே ஜல்லியாக வந்து விழும். வாயில் ஒரு துணி கட்டிக்கொள்வார்கள். காதுக்கு ஒன்றும் கிடையாது. மிஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. அதனால் ஒருத்தனைக் கூப்பிட வேண்டுமென்றால் முதுகில் ஒன்று போடுவார்கள். தூரத்தில் நின்றால் கல்லை எடுத்து எறிவார்கள். மேஸ்திரி காலால்தான் பேசுவான். வாய் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் கையே செய்து இந்த மனுஷனுக்குப் பழகிவிட்டது. முப்பது வயதுக்குள் இடது காது சுத்தமாகப் போயிற்று. வலது காதில் பாதி மிஞ்சியது.

அந்தச் சமயத்தில்தான் நான்கு பையன்கள் வந்தார்கள். பாலிடெக்னிக் படித்தவர்கள். பாடுகிறவன் பிரேம்குமார், டிரம் அடிக்கிறவன் ராஜராஜன், கிடாருக்கு இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது என்பதால் கிரஷர் ஷெட்டில் ஜெனரேட்டர் போட்டுப் பாடிப் பார்த்துக்கொள்ள முதலாளியிடம் கேட்டிருந்தார்கள். அது தெரியாமல், காவலுக்கு இருந்த என் வீட்டுக்காரர் தடியை எடுத்துக்கொண்டு துரத்தப் போனார். ராஜராஜன் டிரம்மில் கை வைத்தானாம். இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "கமலவேணி, எனக்குப் பாட்டு கேட்டுச்சுடி. இங்க கேட்டுச்சு" என்றார். சினிமாப் பாட்டெல்லாம் அந்தக் காதுக்குக் கொசு கத்துவது போலத்தான். இந்தப் பையன்கள் போட்ட இரைச்சல் மட்டும் முழுசாக உள்ளே போயிருக்கிறது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பையன்கள் தங்கள் குழுவுக்குக் 'கிரஷர்' என்றே பெயர் வைத்தார்கள். பெரம்பலூர், அரியலூர், துறையூர், திருச்சி என்று எங்கே பாடினாலும் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க இவர் ஓடினார். அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே நின்று கேட்டார். அந்த நாலு வருஷம் வீட்டில் சண்டை சச்சரவு குறைந்திருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு விழா மேடையில் எல்லாம் நாசமாகப் போனது. டிரம் ரொம்ப வேகமாக ஓடுகிறது என்று பிரேம்குமார் மைக்கிலேயே சொல்லிவிட்டான். ராஜராஜன் குச்சியை வீசினான். பிரேம்குமார் டிரம்மை எட்டி உதைத்தான். ராஜராஜன் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி ஒரே போடு. பிரேம்குமாரின் புருவம் கிழிந்து மைக் முழுக்க ரத்தம். கீழே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நாற்காலிகள் பறந்தன. ராஜராஜன் பக்கம் நின்று நான்கு பேரைச் சாய்த்துவிட்டுச் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தார் என் வீட்டுக்காரர். அன்றோடு கிரஷர் முடிந்தது.

அதற்குப் பிறகு மனுஷனுக்குப் பேய் பிடித்துவிட்டது. குழு உடைந்ததற்கு ராஜராஜன்தான் காரணம் என்று எவன் வாயைத் திறந்தாலும் அடி. டீக்கடையில் அடி, பஸ்ஸில் அடி. போன வருஷம் பூலாம்பாடியில் ஒரு கல்யாணம். அங்கே செல்போன் கடை வைத்திருக்கும் அறிவழகன் பிரேம்குமார் கட்சி. பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "அந்த டிரம்காரன் கை விளங்காமப் போவ" என்று இவருக்குக் கேட்கிற மாதிரி கத்தினான். அவனுடைய முன்பல் இரண்டும் பிரியாணி இலையிலேயே விழுந்தன.

கேஸ் ஆனது. ரெவின்யூ ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு எவன் மேலும் கை படக்கூடாது. பட்டால் மீதி நாளுக்கு ஜெயில். இவர் உள்ளே போனால் வேலை போகும், எங்கள் மகள் பிரவீணாவின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். அதனால் வாயால், கையால், காலில் விழுந்து என்று எல்லா வழியிலும் மிரட்டி வைத்திருந்தேன். பதினோரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

இன்னும் இருபத்து மூன்று நாள்தான் பாக்கி. அப்போதுதானா வர வேண்டும் அந்தச் செய்தி? பிரவீணா போனை நீட்டினாள். பிரேம்குமாரும் ராஜராஜனும் தோள் மேல் கை போட்டு நிற்கிறார்கள். கிரஷர் மறுபடியும் சேருகிறது. பெரம்பலூரில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

அய்யோ, அந்த மனுஷனுடைய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்துக்குக்கூட முகத்தைச் சரியாக மழிக்காமல் வந்த ஆள், முடிக்குச் சாயம் பூசினார். கறுப்பு டி-சர்ட் வாங்கி இரண்டு தடவை துவைத்தார். பேனர் கட்டிவிட்டார்களா என்று பார்க்க மூன்று தடவை பெரம்பலூர் டவுனுக்குப் போய் வந்தார். போனை வலது காதில் அழுத்தி வைத்துக்கொண்டு பழைய பாட்டைக் கேட்கப் பார்த்து, கேட்காமல், தானே கத்திப் பாடினார். கடைக்கு வந்த லாரி டிரைவர்கள் இட்லியை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

நான் ஒரே பேச்சாக, "போவக் கூடாது" என்றேன். அங்கே அறிவழகன் வராமல் இருப்பானா? மூன்று நாள் மனுஷன் சோற்றில் கை வைக்கவில்லை. நாலாவது நாள் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"என் கையக் கட்டி நீயே கூட்டிட்டுப் போடி. உன் கையோட சேத்துக் கட்டிக்க. அப்புறம் எப்படி அடிப்பேன்?"

"வெக்கமா இல்லையாய்யா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்கு இந்தக் காதும் போயிக்கிட்டே இருக்கு, கமலவேணி. அடுத்த வருஷம் அவனுங்க பாடுனா எனக்குக் கேக்குமோ என்னவோ."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் அவருடைய வலது மணிக்கட்டையும் என் இடது மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மூக்கு உடைக்கிற கை அதுதான். இடது கையால் அவருக்குச் சரியாகச் சோறு பிசையக்கூடத் தெரியாது.

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் திடல். வெயில் கொளுத்தியது. ஆயிரம் பேருக்குக் குறையாது. ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றோம். ராஜராஜனும் பிரேம்குமாரும் மேடையில் கட்டிப் பிடித்துக்கொண்டபோது இவர் போட்ட கூச்சலில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்மில் முதல் அடி விழுந்தது. என் அடிவயிறு வரை அதிர்ந்தது.

"கேக்குது! கமலவேணி, கேக்குதுடி!" என்று குதித்தார். துண்டு இழுத்ததில் நானும் குதித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரைச்சல் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தது. கண்ணீரும் வேர்வையுமாக அந்த முகத்தைப் பார்த்தபோது, இருபது வருஷத்தில் இவர் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது.

மூன்றாவது பாட்டில் அறிவழகன் வந்தான். கட்டின பல் பளபளத்தது. என் காதருகே குனிந்து, "என்னக்கா, கெடாவக் கட்டி இழுத்துட்டு வர்ற மாதிரி இழுத்துட்டு வந்திருக்க?" என்றான். பிறகு இவர் முன்னால் போய் நின்று நெஞ்சில் தள்ளி, முகத்துக்கு நேராகத் தொண்டை கிழியக் கத்தினான்.

"அடிடா பாப்போம். ஒரே ஒரு அடி. இன்னிக்கே உள்ள போயிருவ."

இவர் அவன் தோளுக்கு மேலாக மேடையையே பார்த்தார். அவன் முழங்காலில் உதைத்தான். மனுஷன் தடுமாறி நிமிர்ந்து நின்றார். வாயில் குத்தினான். உதடு பிளந்து தாடையில் ரத்தம் வழிந்தது. துப்பிவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தார். நான் கத்தினேன். ஸ்பீக்கருக்கு முன்னால் என் தொண்டை என்ன செய்யும்? குதிக்கிற கூட்டம் எங்களையும் குதிக்கிறவர்கள் என்றே நினைத்திருக்கும்.

துண்டை அவிழ்க்கப் பார்த்தேன். வேர்வையில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்து அறிவழகன் உள்ளங்கையைக் குழித்து, வலது காதைப் பார்த்து ஓங்கினான். காதை மறைக்க இவருடைய கை எழுந்தது. எழுந்த கையை, முடிச்சோடு சேர்த்து நான் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் என்னுடையதுதான்.

பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். காதிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. ஆடி நின்றவர் மேடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன்டி நிறுத்திட்டானுங்க?" என்று கேட்டார்.

ராஜராஜன் அடித்துக்கொண்டுதான் இருந்தான். காலுக்குக் கீழே தரை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

என் தோளில் தொங்கிய பையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது, முழுசாக நிரப்பியது. அதை எடுத்து அறிவழகனின் மூக்கில் அடித்தேன். எலும்பு நொறுங்கினது கையில் தெரிந்தது. விழுந்தான். விழுந்தவன் மேல் ஏறி, கட்டின பல் இருக்கும் இடமாகப் பார்த்து அடித்தேன். பின்னாலேயே இழுபட்டு வந்த என் வீட்டுக்காரர், "வேணாம், வேணாம்" என்று இடது கையால் என்னைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. போலீஸ் வந்துதான் தூக்கியது. துண்டைக் கத்தியால் அறுத்தார்கள்.

ஸ்டேஷனில், மூக்கில் பஞ்சு அடைத்த அறிவழகன், "பாவாடதான் சார் அடிச்சான்" என்றான்.

நான் பாய்ந்தேன். "பொய் சார். அடிச்சது நான். இந்த மனுஷன் சுண்டு விரலைக்கூட அசைக்கல."

எழுத்தர் வைத்திலிங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். அறிவழகன் என் பக்கமே திரும்பவில்லை. "பொம்பள அடிச்சி நான் வுழுவேனா சார்? புருசனைக் காப்பாத்தப் பேசுது" என்றான். அவன் சொல்ல வெட்கப்பட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த வெட்கத்துக்கு என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போக வேண்டும்!

எஸ்.ஐ. பழைய ஃபைலைப் புரட்டினார். "பத்திரம் வேற எழுதிக் குடுத்திருக்கான். ஏய், நீதானே அடிச்ச?" என்று தரையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

அவர் எஸ்.ஐ.யின் வாயையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். காது கேட்காத ஆள், யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவார்.

"அவருக்குக் கேக்கல சார்! காது போயிடுச்சு சார்!" என்று அலறினேன். பெண் போலீஸ் ஜோதி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். "ஒத்துக்கிட்டான், எழுதுங்க" என்றார் எஸ்.ஐ. வைத்திலிங்கம் பேனாவைத் திறந்தார். 'பாவாடை' என்று எழுதுவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஜோதியின் கையை உதறினேன். இரண்டே எட்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அறிவழகனின் கன்னத்தில், தோள்பட்டை கழன்றுவிடும்படி ஓங்கி அறைந்தேன். பெஞ்சோடு சாய்ந்து, சுவரில் தலை மோதித் தரையில் விழுந்தான். பஞ்சு ஒரு பக்கம், கட்டின பல் ஒரு பக்கம்.

வைத்திலிங்கத்தின் பேனா நின்றது.

"பொம்பள அடிச்சா வுழுவானான்னு கேட்டான்ல சார், பாத்துக்கிட்டீங்களா?" என்றேன். "இப்ப எழுதுங்க. அடிச்சது கமலவேணி. இட்லிக் கடை, பாடாலூர்."

ஜோதி என் இரண்டு கையையும் பின்னால் முறுக்கினாள். எஸ்.ஐ. என்னையே பார்த்தார், கீழே கிடந்தவனைப் பார்த்தார். "யார்டா அடிச்சது?" என்று அவனைக் கேட்டார். அவன் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் விரலை நீட்டினான். வைத்திலிங்கம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். "பேரு இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் வந்ததும் ஜோதி பிடியைத் தளர்த்தினாள். சிவந்து வீங்கியிருந்த என் வலது கையை எடுத்து விரித்து, உள்ளங்கையைத் தன் கட்டைவிரலால் தடவினார்.

"வலிக்குதாடி?" என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திக் கேட்டார்.

"வலிக்குதுய்யா" என்றேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அவருக்குத் தெரியும்படி தலையை ஆட்டினேன்.