பரந்தாமன் இளைக்கிறார்

எண்ணெயிலிருந்து அள்ளிய முதல் போண்டாவைப் பரந்தாமன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். "உப்பு சரியா கீது" என்று தட்டில் போடுகிறார். வாயில் போடுவதில்லை. கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் வருடக்கணக்காகப் போண்டா சுட்டு, ஈட்டுக்கு ஒன்றாய் ருசி பார்த்தே வளர்ந்த தொந்தி அவருடையது. போன தை வரைக்கும் அதைத் தாண்டித்தான் கை அடுப்புக்கே போகும். இப்போது அவருடைய சட்டைக்குள் இன்னொருவர் குடியேறலாம்.

ஆசைக்காக இளைக்கவில்லை. பள்ளிப்பட்டில் இருக்கும் அவருடைய அக்கா கன்னியம்மாளுக்கு ஈரல் கெட்டுவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் உண்டு என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ரத்த வகை பொருந்தியது தம்பிக்கு மட்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தம்பியின் ஈரலில் கொழுப்பு. அது கரைந்தால் ஒரு பகுதியை எடுத்து வைக்கலாம், கரையாவிட்டால் முடியாது. அக்காவுக்கோ அதிக நாள் தாங்காது.

அங்கே உணவு ஆலோசகர் ஹேமாவதி சொல்லிக்கொடுத்ததை நமக்குச் சொல்லாமல் பரந்தாமன் டீ கொடுப்பதில்லை.

"கொழுப்புன்னா ஒரு தலை, மூணு வாலுங்க. செல்லுக்குள்ளயே மூணு பேர் கத்திரி வெச்சிகினு கீறாங்க. மொத ஆளு ஒரு வால வெட்டுவான், ரெண்டாவது ஆளு இன்னொண்ண, கடைசி ஆளு மிச்சத்த. அப்பாலதான் அது ரத்தத்துல போயி எரியும்."

அந்த ஆட்களுக்கு நொதி என்று பெயர் என்றேன்.

"இருக்கட்டும்ங்க. இனிப்பு உள்ள போச்சுன்னா இன்சுலின் வந்துடும், மேஸ்திரி மாதிரி. 'வேலைய நிறுத்து'ம்பான். மூணு பேரும் கத்திரிய கீழ வெச்சிடுவானுங்க. பசிச்சா, மலை ஏறினா, திரும்ப எடுப்பானுங்க."

ஏறினார். தினமும் விடியலில் திருத்தணி மலைப்படி. இரண்டு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஈரல் கொழுப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அக்கா வீட்டில் அன்றைக்கு யாரும் உலை வைக்கவில்லையாம். ஹேமாவதி குடைந்து குடைந்து கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மனுஷன் தினமும் உச்சியில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு வழித்துவிட்டு இறங்கியிருக்கிறார்!

"பிரசாதத்த எப்டிம்மா சாப்பாட்டுக் கணக்குல சேக்கறது? அது சாமிதாச்சே" என்றாராம் இவர்.

"சாமி குடுத்தாலும் இன்சுலின் வரும்ங்க" என்றாராம் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு காவலுக்கு நானும் கூடப் போகிறேன். இப்போதெல்லாம் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நான்தான் என்பதால் எனக்கு இடுப்பு பெருத்துவிட்டது.

படியில் மூச்சு வாங்க உட்காரும்போது பழைய கதை வரும். ஆடிக் கிருத்திகைக்கு அக்காவும் தம்பியும் பள்ளிப்பட்டிலிருந்து நடந்தே வந்த காலம் அது.

"தூக்குல புளிசோறு இருக்கும்ங்க. வேர்க்கடலையெல்லாம் பொறுக்கி என் பக்கம் தள்ளிடுவா. அவளுக்கு வெறும் சோறு. இந்த ஒடம்புல கீறதெல்லாம் அவ தள்ளுனதுதான். கரையுதுன்னா மனசுக்கு ஒரு மாதிரியா கீது."

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. தொந்தியோடு இருந்த பரந்தாமனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழை நாட்களில் எங்களோடு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, போண்டாவைப் பிட்டு, ஆவியை ஊதிவிட்டு, சட்னியில் புரட்டி அவர் தின்பதைப் பார்த்தால் சாப்பிட்டு வந்தவனுக்கும் பசிக்கும். அந்தச் சாயங்காலங்கள் போனது போனதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை மறு ஸ்கேன். இவர் அரை வயிற்றோடு கிடப்பது அக்காவுக்குத் தெரியாது; மலை ஏறியே கரைப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். "நீ வயித்த காயப்போட்டுக் குடுக்கறதா இருந்தா எனக்கு வேணாம் நைனா" என்று ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைச் சோதிக்கத்தான் தினமும் சாயங்காலம் போன் செய்கிறார்.

நேற்றும் வந்தது. பரந்தாமன் முன்னால் ஒரு தட்டில் நறுக்கிய வெள்ளரிக்காய், அவ்வளவுதான்.

"துன்னியா நைனா?" கன்னியம்மாளின் குரல் நூலாய் மெலிந்திருந்தது.

"ஆங், துன்னுகினே கீறேன்கா. முருங்கக்கீர அட. நெய் ஊத்திகினேன். தொட்டுக்கக் கத்திரிக்கா கொத்சு, நீ வெப்பியே, அதே மாதிரி."

"எத்தினி துன்ன?"

"நாலு."

"நாலு எந்த மூலைக்கு? இன்னொண்ணு வெச்சிக்க."

"வெச்சிகினேன்கா."

"மெய்யாலுமா?" அக்கா நம்பவில்லை போலிருந்தது. பரந்தாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை வாயருகே கொண்டுபோய், காலி வயிற்றிலிருந்து எப்படியோ இழுத்து, நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.