மகளின் இரத்தத்தில் என்ன இருக்கிறது

மகன் முதலில் விழுந்தது அகதி முகாமில். கடல் வந்து நாவற்குடாவில் எங்கள் வீட்டையும் என் புருஷனையும் கொண்டுபோன பிறகு, பாடசாலைக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். அவனுக்கு ஐந்து வயது. ஓடுவான், விழுவான், தொடையில் கையூன்றித்தான் எழும்புவான். கடலைக் கண்டு பயந்த பிள்ளை என்றார்கள். நானும் நம்பினேன். நூல் கட்டினேன், நேர்த்தி வைத்தேன். நாலைந்து வருடம் வீணாய்ப் போயிற்று.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகுதான் ஒரு வைத்தியர் அவனுடைய கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். டுஷென் தசைச்சிதைவு (தசைகள் மெல்ல அழிந்து, நடை நின்று, பிறகு இதயத்தையும் மூச்சையும் பிடிக்கும் நோய்) என்றார். குணமாக்க மருந்து இல்லையாம்.

ஓர் ஆய்வுக்கென்று எனக்கும் மகனுக்கும் எட்டு வயது மகளுக்கும் இரத்தம் எடுத்தார்கள். தாளை நீட்டினார்கள். விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். முகாமில் அரிசிக்கும் பாய்க்கும் கூரைக்குப் போடும் தறப்பாளுக்கும் அப்படித்தானே வைத்தோம்? வாசித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிற சனம் ஏசும்.

முடிவு வந்தது. நான் காவி (தனக்கு நோய் இல்லாமலே பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள்). எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் இறங்கும். கோயிலில் கேட்டால் அம்மாவின் குடியைத்தான் சொல்வோம். இந்த நாசமறுந்த நோயும் என் வழியாகத்தான் அவனுக்கு இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து குளிக்கும்போது என் வயிற்றைத் தொட எனக்குப் பிடிப்பதில்லை.

"மகளுக்கு என்ன வந்திருக்கு, டொக்டர்?"

"அத அவக்குத்தான் சொல்லுவம், அம்மா. பதினெட்டு வயசில அவ வந்து கேட்டா. கேக்காட்டி அவட விருப்பம். அப்பிடித்தான் நீங்க சைன் வெச்ச தாளில இருக்கு."

"நான் பெத்த புள்ள! என்ட ரத்தம்!"

"ஓம். ஆனா இப்ப அவக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்ல. நாளைக்கு இந்தக் கதை ஊரில பரவினா, அவதானே அதோட வாழணும்?"

காலில் விழுந்தேன். அவர் அசையவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

ஐந்து வருடம் போய்விட்டது. மகள் போன மாதம் பெரிய பிள்ளையானாள். சாமத்தியவீட்டுக்குப் பழுகாமத்திலிருந்து வந்த என் அண்ணன், "இவ என்ட மகனுக்குத்தான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அவளும் காவியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொன்னால், ஒருவேளை இல்லாத ஒன்றுக்காக அவளை ஒதுக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் வயிற்றிலும் இப்படியொரு மகன் வரலாம். கடவுளே, எந்தப் பக்கம் திரும்ப?

நேற்று தமையனைத் தூக்கி நாற்காலியில் இருத்தும்போது அவளே கேட்டாள்.

"அம்மா, எனக்கும் ரத்தம் எடுத்தாங்கதானே. என்னவாம்?"

"உனக்குத்தான் சொல்லுவாங்க, கிளி. பெரிய ஆளானதும் போய்க் கேளு."

"பெரிய புள்ள ஆயிட்டன் எண்டு ஊருக்கே சோறு போட்டீங்க. இன்னும் என்ன?"

தமையன் சிரித்தான். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

இதே தாளோடு நிற்கும் தாய்மாரே, வரிசை காத்திருக்கட்டும், வாசியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். நான் வாசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஐந்து வருடம். மகளுக்காக, நாட்கள் கெதியாய் ஓட வேண்டும் என்று கும்பிடுகிறேன். மகனுக்கு இப்போது சோற்றுக் கரண்டியைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும். அவனுக்காக, ஒரு நாள்கூடக் கழிந்துவிடக் கூடாது என்று கும்பிடுகிறேன். இரண்டையும் ஒரே வாயால்தான் கேட்கிறேன்.